குதிரையேறக் கற்க எங்கே போவது?

சிதம்பரத்தில் குழந்தைக்குப் பாட்டுக் கற்றுக்கொடுக்க வேண்டுமானால் சிரமமே இல்லை. கீழவீதியில் ஒருவரைக் கேட்டால் நால்வர் பெயரைச் சொல்வார். இசைக்கென்றே 1929-ஆம் ஆண்டில் ஒரு கல்லூரி ஏற்பட்ட ஊர் இது. பரதமா? நடராஜப் பெருமானே குடியிருக்கும் தலத்தில் அதற்குக் குறைவேது! தேவாரம், மிருதங்கம், ஹிந்தி, கணக்கு, சதுரங்கம் ஆகிய எதற்கும் ஒரு வாத்தியார் அகப்படுவார். ஆனால், "ஏழு வயதுக் குழந்தைக்குக் குதிரையேற்றம் கற்பிக்கிறவர் யாராவது உண்டா?" என்று மட்டும் கேட்டுப் பாருங்கள். கேட்டவனை மேலும் கீழும் பார்ப்பார்கள்.

நான் கேட்டேன், ஆகையால் சொல்கிறேன். ஒருவர், "எந்த ராஜ்யத்தின்மேல் படையெடுப்பு?" என்றார். இன்னொருவர், "சென்னைக் கடற்கரைக்கு அழைத்துப் போய்ச் சில்லறையைக் கொடுத்தால் ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டுவான். அதோடு பைத்தியம் தெளிந்துவிடும்" என்று வைத்தியம் சொன்னார். மூன்றாமவர் என்னோடு பள்ளியில் வேலை பார்க்கும் கணக்கு ஆசிரியர். அவர் கேட்ட கேள்விதான் நியாயமானது. "கற்றுக்கொண்ட பிறகு குதிரைக்கு எங்கே போவீர், ஸ்வாமி?" என்றார். அதற்கு என்னிடம் இன்றைக்கும் பதில் இல்லை.

இந்த ஆசை என் இளைய மகளுக்கு எப்படி உண்டாயிற்று என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் பாட்டியின் ஊர் விருத்தாசலத்துக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர். ஊர் எல்லையில் அய்யனார் கோயில். அங்கே ஆளுயரத்துக்கு மேல் மண்குதிரைகள் வரிசையாக நிற்கின்றன. பல்லைக் காட்டிக்கொண்டு, கழுத்தில் சலங்கையோடு, காவலுக்குப் புறப்படத் தயாராக நிற்பவை. நாலு வயதில் அவற்றின் காலடியில் உட்கார்ந்து விளையாடியவள், ஐந்து வயதில் ஒன்றின்மேல் ஏறிப் பூசாரியிடம் வசவு வாங்கினாள். மண்குதிரையை நம்பி ஆற்றில் இறங்காதே என்று பழமொழி. அது குதிரையே இல்லை, "மண் குதிர்", அதாவது ஆற்றிலுள்ள மணல் திட்டு என்று பொருள் சொல்லும் வித்துவான்களும் உண்டு. என் மகளுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை. மண்ணில் இருப்பது உயிரோடும் எங்கேயோ இருக்கவேண்டும் என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

சென்ற கோடை விடுமுறையில் குடும்பத்தோடு ஒரு கடற்கரைக்குப் போயிருந்தோம். ஊரின் பெயர் வேண்டாம். எந்தக் கடற்கரையிலும் காணக்கூடிய காட்சிதான். வாடகைக் குதிரை ஒன்று நின்றது. நெற்றியில் குஞ்சம், முதுகில் சிவப்புப் பட்டுத்துணி. மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் குதிரைக்காரரிடம் பேசினேன். அவளைத் தூக்கி உட்காரவைத்து, கயிற்றைப் பிடித்துக்கொண்டு அவர் மணலில் ஓடினார். போய் வர இரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை.

இறங்கியதும் குதிரையைத் தடவிக் கொடுக்கப் போனாள். காற்றில் பட்டுத்துணி சற்று விலகிற்று. சேணத்தின் விளிம்பு அழுந்தும் இடத்தில், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு புண், ஈ மொய்த்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இதன்மேலா நான் உட்கார்ந்திருந்தேன்?" என்று கேட்டாள்.

நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். அன்றிரவு அவள் சாப்பிடவில்லை. குதிரைக்காரரைக் குற்றம் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. ஒரே ஒரு பிராணியைக் கொண்டு அதன் வயிற்றையும் தம் வீட்டு வயிறுகளையும் நிரப்பவேண்டியவர் அவர். புண் ஆறும்வரையில் ஒரு வாரம் ஓய்வு கொடுத்தால், அந்த ஒரு வாரம் இரண்டு தரப்பும் பட்டினி. காசு கொடுத்து ஏற்றிவிட்டவன் நான் அல்லவா?

ஒரு வாரம் வரையில் குதிரை என்ற பேச்சே வீட்டில் எழவில்லை. விட்டது என்று நினைத்தேன். எட்டாம் நாள், "குதிரைக்கு வலிக்காமல் உட்காருவதற்குப் பள்ளிக்கூடம் இருக்கிறதா, அப்பா?" என்று கேட்டாள். மேலே சொன்ன விசாரணையெல்லாம் அதற்குப் பிறகு தொடங்கியதுதான்.

உள்ளூரில் எனக்கு உருப்படியான யோசனை சொன்னவர் ஒரே ஒருவர். வயது எண்பதுக்கு மேலிருக்கும். ரயிலடிக்கும் கோயிலுக்கும் இடையே ஜட்கா ஓட்டியவர். அந்தத் தொழிலை விட்டு நாற்பது வருஷத்துக்கு மேலாகிறது. திண்ணையில் உட்கார்ந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார். சிரிக்காமல் கேட்டவர் அவர்தான்.

"வாத்தியாரையா, பள்ளிக்கூடம் பார்க்கப் போனால் குதிரையைப் பார்க்காதீர்கள். லாயத்தைப் பாருங்கள்" என்றார். "உள்ளே நுழைந்ததும் மூத்திர நெடி கண்ணைக் கரித்தால் அப்படியே திரும்பி வந்துவிடுங்கள். தண்ணீர்த் தொட்டியில் பாசி படிந்திருந்தாலும் திரும்பிவிடுங்கள். அப்புறம் ஒரு காலைத் தூக்கிக் காட்டச் சொல்லுங்கள். குளம்புக்குள்ளே சாணியும் கல்லும் அடைந்து கிடந்தால், குதிரை வைத்திருக்கிறானே தவிர அவனுக்குக் குதிரை தெரியாது."

சேணப் புண்ணைப் பற்றிக் கேட்டேன். அழுக்கோடு சேணம் போட்டாலும், வேறு குதிரைக்குத் தைத்த சேணத்தை இதன் முதுகில் ஏற்றினாலும், வாரை இறுக்காமல் விட்டுச் சேணம் அசைந்தாலும் தோல் உரிந்துவிடுமாம். தினமும் முதுகைத் தேய்த்து, கையால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் தாம் வண்டி பூட்டுவது வழக்கம் என்றார். கொள்ளை ஊறவைப்பது, உழைத்துச் சூடாக வந்த குதிரையை உடனே கட்டிவிடாமல் மெள்ள நடத்தி ஆறவிடுவது, ஒரே வேளையில் வயிறு புடைக்கத் தீனி போடாமல் பல வேளையாகப் பிரித்துப் போடுவது என்று அரை மணி நேரம் பேசினார். இதற்கெல்லாம் சாஸ்திரீயமான காரணம் உண்டு என்பதைப் பின்னால் தெரிந்துகொண்டேன். அவ்வளவு பெரிய பிராணிக்கு இரைப்பை மிகச் சிறியது. அதற்கு வாந்தி எடுக்கவும் இயலாது. தீனி தவறி வயிற்று வலி கண்டால் உயிருக்கே ஆபத்து.

அவர் சொன்னதைக் கேட்டபோது மார்க்கோ போலோவின் நினைவு எனக்கு வந்தது. சரித்திரம் கற்பிக்கிறவனுக்கு இது ஒரு நோய். பதின்மூன்றாம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டி நாட்டுக் கரைக்கு வந்த அந்த வெனிஸ் நகரத்து வியாபாரி, இங்கே நடந்த குதிரை வர்த்தகத்தைக் கண்டு பிரமித்துப்போனார். அரபு நாட்டிலிருந்தும் பாரசீக வளைகுடாவிலிருந்தும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் குதிரைகள் கப்பலில் வந்து இறங்கின. பொன் வெள்ளமாக வெளியே போயிற்று. ஆனால் வாங்கிய குதிரைகளில் பெரும்பாலானவை அந்த வருஷம் முடிவதற்குள் இறந்துபோயின என்கிறார் அவர். காரணம், பேணத் தெரிந்தவர்கள் இல்லை. சோற்றையும் மாமிசத்தையும் வேகவைத்துப் போட்டார்களாம். குதிரை வைத்தியர்களை இந்த நாட்டுக்கு வரவொட்டாமல் வியாபாரிகளே பார்த்துக்கொண்டார்களாம். குதிரை செத்தால்தானே அடுத்த கப்பலுக்குக் கிராக்கி! வெயிலும் ஈரமும் நிறைந்த நம் சீதோஷ்ணத்துக்கும் இதில் பங்கு இருந்திருக்க வேண்டும். அப்படியே தள்ளுபடி செய்து பார்த்தாலும் கணக்கு வெட்கப்படத் தக்கதாகவே இருக்கிறது.

இத்தனைக்கும் குதிரை நமக்குப் புதிதன்று. கடல் வழியாக வந்த குதிரைகளைக் காவிரிப்பூம்பட்டினத்துக் கடைத்தெருவில் வைத்துப் பாடுகிறது பட்டினப்பாலை. கடலூரில் கடலில் கலக்கும் பெண்ணையாற்றின் கரையில், திருக்கோவலூரை ஆண்ட மலையமான் திருமுடிக்காரிக்கும் அவன் ஏறிய குதிரைக்கும் ஒரே பெயர், இரண்டும் காரி. குதிரை மறம் என்று புறத்துறையில் ஒரு துறையே வகுத்தவர்கள் நாம். நகுலன் பெயரால் வழங்கும் அசுவ சாஸ்திரம் ஒன்றைத் தஞ்சைச் சரசுவதி மஹாலார் அச்சிட்டே இருக்கிறார்கள். செஞ்சிக் கோட்டையில் 1714-இல் ஆற்காட்டு நவாபோடு பொருது இளம் பிராயத்திலேயே மாண்ட தேசிங்கு ராஜனை, அவனுடைய குதிரை பாராசாரியைச் சொல்லாமல் பாடும் கதைப்பாடகன் கிடையாது. ஏட்டில் இருந்தது, பாட்டில் இருந்தது. லாயத்தில் மட்டும் குறைந்துபோயிற்று.

எங்கள் ஊருக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. குதிரை வாங்கிவரப் பாண்டியன் கொடுத்த பொருளைத் திருப்பெருந்துறையில் சிவப்பணிக்குச் செலவழித்துவிட்ட மாணிக்கவாசகர், கடைசியில் இந்தத் தில்லையிலேதான் இறைவனோடு கலந்தார் என்பது ஐதிகம். அவருக்காகச் சிவபெருமான் காட்டு நரிகளைக் குதிரைகளாக்கி, தாமே குதிரை வியாபாரியாக வந்த திருவிளையாடலை ஒரு நாள் மகளுக்குச் சொன்னேன். அன்றிரவே அவை பழையபடி நரிகளாகி, லாயத்திலிருந்த உண்மையான குதிரைகளைக் கடித்துக் குதறிவிட்டு ஓடிய கட்டத்தில் அவள் என்னை நிறுத்தினாள். "அந்தப் பழைய குதிரைகள் என்ன தப்புச் செய்தன?" என்றாள். பரஞ்சோதி முனிவர் இந்தக் கேள்விக்கு விடை சொல்லியிருப்பதாக எனக்கு நினைவில்லை.

சரி, பள்ளி எங்கே? சிதம்பரத்தில் நான் தேடிய வரையில் இல்லை. கடலூரிலும், குழந்தையை முறையாகத் தொடக்கத்திலிருந்து பயிற்றும் இடம் எனக்கு அகப்படவில்லை. கல்யாண ஊர்வலத்துக்குக் குதிரை தருகிறவர்கள் இருக்கிறார்கள். அது வேறு தொழில். சென்னை வேப்பேரியில் கால்நடை மருத்துவக் கல்லூரியைச் சார்ந்து தேசிய மாணவர் படையின் குதிரைப் பிரிவு ஒன்று உண்டு. அது வளர்ந்த பிள்ளைகளுக்கு. பெங்களூரில் பெரிய பள்ளிகள் உண்டு. ஒலிம்பிக் பந்தயம்வரையில் சென்ற பவாத் மிர்ஸா அந்த ஊர்க்காரர். ஆனால் சிதம்பரத்து வாத்தியார் ஞாயிறுதோறும் பெங்களூருக்குப் போய் வர முடியுமா?

கடலூருக்கு வடக்கே பார்வையைத் திருப்பியபோதுதான் வழி பிறந்தது. புதுச்சேரிக்கு அப்பால் ஆரோவில்லில் "ரெட் எர்த்" என்ற குதிரையேற்றப் பள்ளி பல வருஷங்களாக நடந்து வருகிறது. அந்த வட்டாரத்துச் செம்மண்ணைக் கொண்டே அதற்குப் பெயர். அந்தப் பெயரைக் கேட்டவுடன் எனக்குச் சிரிப்பு வந்தது. ஏன் என்று சொல்கிறேன்.

ஸ்ரீ அரவிந்தர் இளைஞராக இங்கிலாந்தில் இருந்தபோது, 1890-இல் ஐ.ஸி.எஸ். பரீட்சையில் முன்வரிசையில் தேறினார். இரண்டு வருஷம் பயிற்சி. கடைசியில் ஒரு பரீட்சை பாக்கி, அது குதிரையேற்றம். ஜில்லாவை ஆளப் போகிற துரை குதிரைமேல் நிமிர்ந்து உட்காரத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பது அந்தக் காலத்துச் சட்டம். மறுபடியும் மறுபடியும் நாள் கொடுத்தார்கள். அவர் போகவில்லை. அந்த உத்தியோகத்தில் அவருக்கே மனமில்லை என்பது பிறகு தெரிந்த விஷயம். 1892-இல் அவரைத் தள்ளிவிட்டார்கள். குதிரை ஏறாததனால் பிரிட்டிஷ் சர்க்கார் ஒரு கலெக்டரை இழந்தது. தேசம் ஒரு தலைவரைப் பெற்றது. 1910-இல் அவர் புதுச்சேரிக்கு வந்து சேர்ந்து, கடைசிவரையில் அங்கேயே இருந்தார். அவருடைய பெயரை வைத்து 1968-இல் எழுந்த ஊரில் இன்று குழந்தைகள் குதிரையேறக் கற்கிறார்கள். துரைத்தனத்துக்கு அடையாளமாக இருந்த வித்தை, அந்த மிடுக்கெல்லாம் உதிர்ந்து, வெறும் வித்தையாக நமக்குத் திரும்பி வந்திருக்கிறது. அப்படி வந்தால் வாங்கிக்கொள்ள என்ன தடை?

சிதம்பரத்திலிருந்து அங்கே ஏறக்குறைய 50 மைல். பாதையில் பரங்கிப்பேட்டைக்குப் பிரியும் சாலை வரும். 1781-ஆம் வருஷம் ஜூலை முதல் தேதி ஹைதர் அலியின் குதிரைப் படையும் கூட் துரையின் படையும் மோதிய இடம் அந்தப் பக்கம்தான். கடலூரைத் தாண்டினால், 1918-இல் புதுச்சேரியை விட்டு வெளியே வந்த பாரதியாரைப் பிடித்துக் கடலூர்ச் சிறைக்குக் கொண்டுபோன பாதை. மகளுக்கு இதையெல்லாம் பஸ்ஸில் சொல்லிக்கொண்டு போனேன். ஹைதரிடம் எத்தனை குதிரை இருந்தது என்பதோடு அவளுடைய சரித்திர ஆர்வம் நின்றுவிட்டது.

பல இடங்களை விசாரித்து மூன்று இடங்களுக்கு நேரில் போனோம். பெயர் சொன்னால் ஒன்று விளம்பரமாகும், அல்லது வம்பாகும், இரண்டும் வேண்டாம்.

முதல் இடத்தில் குழந்தையை வந்த நிமிஷமே குதிரைமேல் ஏற்றத் தயாராக இருந்தார்கள். "தலைக்கவசம் எங்கே?" என்றேன். "சின்னக் குழந்தைதானே, நாங்கள் பிடித்துக்கொள்வோம்" என்றார்கள். குழந்தையைப் பிடித்துக்கொள்ளலாம், மிரண்ட குதிரையை யார் பிடிப்பது? நமஸ்காரம் சொல்லிவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது இடத்தில் லாயம் சுத்தம். குதிரைகள் பார்க்கவே கம்பீரம். ஆனால் அத்தனையும் பந்தயத்துக்கென்று வளர்ந்து ஓய்வு பெற்ற ஜாதிக் குதிரைகள். என் மகளின் தலை அவற்றின் வயிற்றளவுக்குக்கூட எட்டவில்லை. அகன்ற முதுகில் உட்கார்ந்தால் குழந்தையின் கால் இரண்டு பக்கமும் நீட்டிக்கொண்டு நிற்குமே தவிர, கீழே இறங்கி விலாவை அணைக்காது. கால் அணையாவிட்டால் சமநிலை ஏது? குழந்தைக்குக் குட்டையான மட்டக்குதிரை வேண்டும். தோள்வரையில் அளந்தால் நாலடி உயரமுள்ளது உசிதம். வயது முதிர்ந்து, எதையும் கண்டு திடுக்கிடாத, பல குழந்தைகளைச் சுமந்து பழகிய குதிரையாகவும் அது இருக்க வேண்டும். அங்கிருந்த பயிற்சியாளரே நேர்மையாக இதைச் சொல்லி, "இன்னும் ஐந்து வருஷம் கழித்து வாருங்கள்" என்றார். அவரிடம் எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

மூன்றாவது இடத்தில் என் மகளின் கையில் ஒரு பிரஷ்ஷைக் கொடுத்தார்கள். அன்று முழுவதும் அவளைக் குதிரைமேல் ஏற்றவே இல்லை.

எப்படி அணுகுவது என்பதே முதல் பாடம். குதிரையின் கண்கள் தலையின் இரு பக்கத்திலும் இருப்பதால் ஏறக்குறையச் சுற்றிலும் அதற்குப் பார்வை உண்டு. ஆனால் மூக்கின் நேர் முன்னாலும் வாலின் நேர் பின்னாலும் தெரியாது. தெரியாத இடத்திலிருந்து எது வந்தாலும் புலி என்று நினைத்துக்கொள்ளும்; அதன் முன்னோர் பிழைத்ததே அப்படித்தான். ஆகையால் இடது தோளுக்கு நேராக, குரல் கொடுத்துக்கொண்டு போக வேண்டும். பின்னால் போய் நிற்கவே கூடாது. காதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். முன்னால் நிமிர்ந்திருந்தால் கவனம்; தளர்ந்து பக்கவாட்டில் தொங்கினால் அயர்வு; பின்னால் ஒட்டிப் படிந்துவிட்டால் கோபம், விலகிவிடு. மயிர் படியும் திசையில் தேய்ப்பது, முதுகைத் தடவிச் சேணம் அமரும் இடத்தில் வீக்கமோ சூடோ உண்டா என்று பார்ப்பது, குளம்பைத் தூக்கி வளைந்த முள்ளால் கல்லை எடுப்பது எல்லாம் முதல் நாளிலேயே. ஜட்காக்காரப் பெரியவர் அங்கே இருந்திருந்தால் தலையசைத்திருப்பார். முதுகைத் தடவியபோது என் மகள் தேடியது என்ன என்பது எனக்குத் தெரியும். புண் ஒன்றும் இல்லை.

ஏற்றிய பிறகும் கடிவாளத்தைக் கையில் கொடுக்கவில்லை. நீளமான கயிற்றின் ஒரு முனையைக் குதிரைக்குப் பூட்டி, மறு முனையை ஆசிரியர் பிடித்து நடுவில் நிற்கிறார். குதிரை அவரைச் சுற்றி வட்டமாக வருகிறது. குழந்தைக்குக் குதிரையை ஓட்டும் கவலை இல்லை. உட்காரும் கவலை மட்டுமே. அதற்குக் காரணம் உண்டு. கடிவாளத்தின் இரும்பு குதிரையின் வாய்க்குள்ளே, நாக்கின்மேல் கிடக்கிறது. ஆட்டம் கண்ட குழந்தை கையில் கிடைத்ததைப் பிடித்துத் தொங்கும். அது கடிவாளமாக இருந்தால் அத்தனை பாரமும் குதிரையின் வாயில் விழும். முதலில் கையின் உதவியின்றி உட்காரத் தெரிந்தவனுக்கே கடிவாளம் பிடிக்கத் தகுதி உண்டு. இரண்டாயிரத்து முந்நூறு வருஷங்களுக்கும் முன்னால் குதிரையேற்றம் பற்றி நூல் எழுதிய கிரேக்க தேசத்து ஸெனபோன், குதிரையைக் கோபத்தோடு நடத்தக் கூடாது, பலாத்காரத்தினால் பெறுவதில் அழகில்லை என்று அப்போதே வற்புறுத்தியிருக்கிறார்.

காது, தோள், இடுப்பு, குதிகால் ஆகிய நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். குதிகால் சற்றுத் தாழ்ந்திருக்க வேண்டும். பார்வை குதிரையின் காதுகளுக்கு நடுவே, போகிற திசையில். பரதம் கற்கும் பெண் அரைமண்டி உட்காருவதற்கு எவ்வளவு நாளாகுமோ அவ்வளவு நாள் இதற்கும் ஆகும். சங்கீதமும் கொஞ்சம் உதவியது. குதிரை மெள்ள நடக்கும்போது நான்கு கால்களும் தனித்தனியே பூமியில் படும், நான்கு தட்டு. சற்று விரைந்து துள்ளி ஓடும்போது குறுக்குக் கால்கள் ஜோடியாகப் படுவதால் இரண்டு தட்டு. அதற்கும் மேற்பட்ட இசைந்த ஓட்டத்தில் மூன்று தட்டு, அசல் திஸ்ரம். நாம் தாளத்துக்கு "நடை" என்று பெயர் வைத்தது வீணாகவில்லை. துள்ளோட்டத்தில் எழுந்து உட்காருவதற்கு ஆசிரியர் எண்ணிக்கை சொல்லிக் கொடுக்க, என் மகள் தொடையில் தாளம் போட்டுக் கண்டுபிடித்துக்கொண்டாள்.

இதை வாசிக்கும் பெற்றோர்களில் யாருக்காவது இதே தலைவலி வந்திருந்தால் சில விஷயங்களைச் சொல்லி வைக்கிறேன். ஆறு, ஏழு வயதுக்கு முன்னால் முறையான பாடம் பயன்படாது. அதற்குமுன் யாராவது பிடித்துக்கொண்டு நடத்தலாம், அவ்வளவே. ஒரு வேளைக்கு அரை மணி போதும். அதற்குமேல் குழந்தை களைத்துவிடும், களைத்த குழந்தை விழும். மோவாய்க்கட்டையில் வார் பூட்டும் தலைக்கவசம், தலைக்குச் சரியான அளவில் அவசியம். ஒரு தடவை பலமாக அடிபட்ட கவசத்தை, விரிசல் தெரியாவிட்டாலும், மறுபடி உபயோகிக்கக் கூடாது. காலுக்குச் செருப்பு கூடாது. சிறிது குதிகால் உயர்ந்த மூடிய பாதரட்சை வேண்டும். தட்டையாக இருந்தால் கால் அங்கவடிக்குள் முழுவதும் புகுந்து மாட்டிக்கொள்ளும். விழுந்த பிறகு குதிரை இழுத்துக்கொண்டு ஓடுவது விழுவதைவிடப் பன்மடங்கு அபாயம். லாயத்து மண்ணில் புழங்குவதால், இசிவுநோய்க்குப் போடும் தடுப்பு ஊசி குழந்தைக்குக் காலப்படி போடப்பட்டிருக்கிறதா என்று வைத்தியரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

விழுவதைப் பற்றி மறைக்க வேண்டியதில்லை. குதிரை ஏறுகிறவர்கள் எப்போதாவது விழுகிறார்கள். என் மாமியாருக்கு இந்த ஒரு விஷயம்தான் பிரதானம். "பெண் குழந்தை, கை கால் முறிந்தால் நாளைக்கு யார் பதில் சொல்வது, மாப்பிள்ளை?" என்றார். ஆண் குழந்தையானால் முறியலாமா என்று கேட்க நாக்கு துடித்தது, அடக்கிக்கொண்டேன். சிவகங்கையை 1780-இல் மீட்ட வேலு நாச்சியார் குதிரையேற்றம் பயின்றவர் என்று சொன்னேன். "அவள் ராணி" என்றார். உண்மைதான். பிறகு லிஸ் ஹார்ட்டெல் என்ற டேனிஷ் தேசத்துப் பெண்மணியைப் பற்றிச் சொன்னேன். 1944-இல் இளம்பிள்ளை வாதம் கண்டு முழங்காலுக்குக் கீழே பலம் இழந்தவர். பிறர் தூக்கி உட்காரவைத்தால்தான் குதிரை ஏற முடியும். ஒலிம்பிக் குதிரைப் பந்தயங்களில் பெண்கள் கலந்துகொள்ள முதன்முதலாக அனுமதித்த 1952-ஆம் வருஷமே, ஹெல்ஸிங்கியில் ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளிப் பதக்கம் பெற்றார். ஆணும் பெண்ணும் ஒரே பந்தயத்தில் சமமாகப் போட்டியிடும் விளையாட்டு ஒலிம்பிக்கில் மிகச் சில; அவற்றில் இது ஒன்று. 2023-இல் சீனாவின் ஹாங்சௌ நகரில் நடந்த ஆசியப் போட்டியில், குதிரையை இசைவாக நடத்திக் காட்டும் பந்தயத்தில் பாரதத்துக்குத் தங்கம் கொண்டுவந்த நால்வரில் இருவர் பெண்கள். 1982-க்குப் பிறகு 41 வருஷம் கழித்து வந்த குதிரையேற்றத் தங்கம் அது. மாமியார் இதைக் கேட்டு ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மறு வாரம் காரட் வாங்கிக் கொடுத்தனுப்பினார்.

செலவைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடுத்தரக் குடும்பத்துக்கு இது இலேசான காரியம் அன்று. பாடக் கட்டணத்தைப் பார்த்து நான் முதலில் முணுமுணுத்தேன். ஒரு குதிரை தினமும் தின்னும் புல்லையும் தானியத்தையும், வெயில் காலத்தில் குடிக்கும் குடம் குடமான தண்ணீரையும், ஆறு அல்லது எட்டு வாரத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டிய லாடத்தையும் கணக்குப் பார்த்த பிறகு முணுமுணுப்பை நிறுத்திவிட்டேன். மலிவாகக் கிடைக்கும் சவாரியின் விலையை யார் கொடுக்கிறார்கள் என்பதைத்தான் அந்தக் கடற்கரையில் பார்த்தோமே. வாரந்தோறும் போக முடியாது. மாதம் இரண்டு ஞாயிறு என்று வைத்துக்கொண்டோம். அதற்காக நான் விட்டது என்ன என்பது வீட்டுக்குள் இருக்கட்டும்.

கடலூரில் கடற்கரைப் பக்கமாகவும் சிதம்பரத்தைச் சுற்றியும் வெளி நிலத்துக்குப் பஞ்சமில்லை. நாலு மட்டக்குதிரையும் ஒரு நல்ல ஆசிரியரும் ஒரு சுத்தமான லாயமும் இந்த மாவட்டத்தில் ஏற்பட்டால், 50 மைல் போகிறவர்கள் எல்லோரும் பக்கத்திலேயே கற்பார்கள். பணம் போட யாராவது முன்வருவார்களா, தெரியாது. வந்தால், எண்பது வயதைத் தாண்டிய ஒரு பெரியவர் திண்ணையில் சும்மா உட்கார்ந்திருக்கிறார். யோசனை சொல்ல அவரைக் கூப்பிட்டுக்கொள்ளலாம்.

சென்ற ஞாயிற்றுக்கிழமை ஆறாவது பாடம். விடியற்காலையில் முதல் பஸ். கடலூரில் இறங்கி ஒரு காப்பி. புதுச்சேரியில் இன்னொரு பஸ். குதிரையைத் தேய்த்து முடித்து, குளம்பைச் சுத்தம் செய்து, தானே வாரை இழுத்து இரண்டு விரல் உள்ளே போகிறதா என்று பார்த்தாள். கயிற்று வட்டத்தில் இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு மூன்று சுற்றுத் துள்ளோட்டம் வந்தாள். நாலாவது சுற்றில் சாய்ந்தாள். பிடரி மயிரைப் பிடித்து நிமிர்ந்துகொண்டாள். கடிவாளம் எப்போது கைக்கு வரும் என்று ஆசிரியரைக் கேட்டேன். "தீபாவளிக்குப் பிறகு பார்க்கலாம்" என்றார்.